தமிழ் மென்பொருள் உதவி ஆவணங்கள்: வெளியீட்டுக்கு முந்தைய பணியின் வரலாறு

மென்பொருள் உதவி ஆவணம் என்பது ஒரு மென்பொருளை எப்படி நிறுவுவது, எப்படி இயக்குவது, எந்தப் பட்டியில் எந்தக் கட்டளை இருக்கிறது என்பதை விளக்கும் எழுத்து. மென்பொருளின் புதிய பதிப்பு வெளிவரும்போதெல்லாம் இந்த விளக்கமும் மாற வேண்டும். பட்டியின் பெயர் மாறினால் விளக்கத்தில் அந்தப் பெயரும், திரைத் தோற்றம் மாறினால் அதன் படமும் மாற வேண்டும். தமிழில் இப்பணி பெரும்பாலும் ஊதியமில்லாத தன்னார்வலர்களால் நடந்தது. வெளியீட்டு நாளை அவர்கள் தீர்மானிக்கவில்லை. வேறொரு நாட்டில், ஆங்கில மூலத்தைக் கணக்கில்கொண்டு குறிக்கப்பட்ட நாளுக்குள் அவர்கள் தமிழை ஆயத்தம் செய்ய வேண்டியிருந்தது. தமிழ்க் கணிமையில் மென்பொருள்கள் வளர்ந்த அளவுக்கு அவற்றின் விளக்கங்கள் வளராமல்போனதற்கு முதன்மைக் காரணம் இந்தக் கால நெருக்கடியே. இந்த வரலாற்றில் தருமபுரியைச் சேர்ந்த தகடூர் கோபியின் மாற்றிக் கருவிகளுக்குத் தனி இடம் உண்டு.

ஆங்கிலப் பட்டி, தமிழ் விளக்கம்

தமிழில் கணினி விளக்க எழுத்து மென்பொருளுடன் சேர்ந்து பிறக்கவில்லை. 1980களில் கனடாவில் கு. சீனிவாசன் உருவாக்கிய ஆதமி, மலேசியாவில் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு போன்றவை தமிழை எழுத உதவிய செயலிகள். ஆனால் அவற்றைத் தாங்கிய இயங்குதளம் ஆங்கிலத்திலேயே இருந்தது. 1990களில் தமிழ் கம்ப்யூட்டர் போன்ற இதழ்களும் கணினிப் பயிற்சி நூல்களும்தான் விளக்க ஆவணத்தின் வேலையைச் செய்தன. அவற்றின் நடை தனித்தன்மை கொண்டது. வாக்கியம் தமிழாக இருக்கும். பட்டிகளின் பெயர்கள் ஃபைல், எடிட், சேவ் ஆஸ் என்று ஒலிபெயர்ப்பாக இருக்கும். திரையில் இருப்பது ஆங்கிலம் என்பதால் வேறு வழியும் இருக்கவில்லை.

இந்த நடை பின்னாளில் ஒரு சிக்கலை உண்டாக்கியது. இயங்குதளமே தமிழில் வந்தபோது ஃபைல் 'கோப்பு' ஆனது, சேவ் 'சேமி' ஆனது. அதுவரை தமிழ் நூல்களைப் படித்துக் கணினி கற்றவர்களுக்குத் தமிழ்ப் பட்டி அயலானதாகத் தெரிந்தது. தமிழ் இடைமுகத்தை நிறுவிப் பார்த்துவிட்டு மீண்டும் ஆங்கிலத்துக்குத் திரும்பியவர்கள் பலர். அதை மொழிப்பற்றின் குறைபாடு என்று சொல்வது நியாயமல்ல. புதிய சொற்களைப் பழைய பழக்கத்துடன் இணைத்துக் காட்டும் விளக்கம் அவர்கள் கைக்கு வந்து சேரவில்லை.

குறிமுறைக் குழப்பம்

ஒரே விளக்கத்தை எல்லோரும் படிக்க முடியாமல்போனதற்கு இன்னொரு காரணம் எழுத்துருக் குறிமுறை. யூனிகோடு முதல் பதிப்பு 1991ல் வந்தபோதே தமிழுக்கு அதில் இடம் இருந்தது. ஆனால் சாதாரணக் கணினிகளில் அது இயங்க விண்டோஸ் 2000 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடைப்பட்ட காலத்தில் மயிலை, பாமினி, டிஸ்கி என ஒவ்வொரு வட்டமும் ஒரு குறிமுறையைக் கைக்கொண்டது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டைத் தொடர்ந்து தமிழ்நாடு அரசு தாம், தாப் என்னும் குறிமுறைகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் ஏற்றது. யூனிகோடை அரசு தரமாக ஏற்றது 2010ல், கோவை உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டுக் காலத்தில்தான்.

ஒரு குறிமுறையில் எழுதிய விளக்கத்தை மற்றொன்றைப் பயன்படுத்துபவர் திறந்தால் பொருளற்ற குறிகளே தெரியும். கட்டற்ற மென்பொருள் உலகிலும் இதன் தடம் பதிந்துள்ளது. கேடிஇ பணிச்சூழலுக்கு அடிப்படையான கியூடி நிரலகத்தில் டிஸ்கியை யூனிகோடாக மாற்றுவதற்கென்றே ஒரு பகுதி சேர்க்கப்பட்டது. அதை எழுதியவர் ஹான்ஸ் பீட்டர் பீக்கர்.

தகடூர் கோபியின் கருவிகள்

தருமபுரியின் பழம்பெயர் தகடூர். சங்க காலத்தில் அதியமான் நெடுமான் அஞ்சியின் தலைநகர். தகடூர் கோபி என்ற பெயரில் இணையத்தில் இயங்கியவர் தன் பெயரோடு மட்டுமன்றித் தன் கருவிகளோடும் இந்த ஊரை இணைத்துக்கொண்டார். ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்வதை யூனிகோடு தமிழாக்கும் கருவிக்குத் 'தகடூர் தமிழ் மாற்றி' என்று பெயர். பழைய குறிமுறைகளை யூனிகோடாக்கும் கருவி 'அதியமான் மாற்றி'. பல இந்திய மொழிகளில் எழுத உதவும் கருவிக்கு, தேனீ எழுத்துருவை உருவாக்கி 2006ல் மறைந்த அதிராம்பட்டினம் உமர் தம்பியின் நினைவாக 'உமர் பன்மொழி மாற்றி' என்று பெயரிட்டார். தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் நெடுங்காலம் புழங்கிய வானவில் எழுத்துருவின் பெயர் ஔவையார். அதியமானுக்காகத் தூது சென்ற புலவரின் பெயர் எழுத்துருவுக்கும், அந்த மன்னனின் பெயர் மாற்றிக்கும் அமைந்தது தமிழ்க் கணிமையின் இனிய தற்செயல்களில் ஒன்று.

அதியமான் போன்ற ஒரு மாற்றியின் வேலை எழுத்துக்கு எழுத்து மாற்றுவது மட்டுமல்ல. பழைய குறிமுறைகள் எழுத்தைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சேமித்தன. 'கொ' என்பதற்கு முதலில் ஒற்றைக் கொம்பு, பிறகு ககரம், பிறகு கால். யூனிகோடு ஒலி வரிசையில் சேமிக்கிறது: முதலில் ககரம், பிறகு ஒகரக் குறி. ஆகவே மாற்றி கொம்பைப் பிடித்து, அதை அடுத்து வரும் மெய்யைத் தாண்டி நகர்த்தி, பின்னால் கால் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் இரண்டையும் ஒன்றாக்க வேண்டும். நீண்ட தொடர்களை முதலில் மாற்றி, தனி எழுத்துகளைப் பிறகு மாற்ற வேண்டும். வரிசை தவறினால் 'கொ' இருக்க வேண்டிய இடத்தில் 'கெ'யும் தனித்த காலும் நிற்கும். யூனிகோடுக்கு முன் எழுதப்பட்ட கட்டுரைகளும் கையேடுகளும் புதிய கணினிகளில் படிக்கத்தக்கவையாக மாற இத்தகைய கருவிகளே வழி செய்தன.

உலாவிக்குள்ளேயே இயங்கும் நிரலாக இவை அமைந்ததால் நிறுவல் வழிகாட்டி தேவைப்படவில்லை. இவ்வகை எழுத்துமாற்றிக் கருவிகளில் எந்த விசைக்கு எந்த எழுத்து என்னும் அட்டவணைதான் முழு விளக்கமும். அட்டவணை பக்கத்திலேயே இருந்தால், நிரலை மாற்றும்போது அதையும் அதே கையால், அதே நாளில் மாற்றிவிடலாம். பலர் கூடிச் செய்த பெரிய திட்டங்களுக்கு இந்த எளிமை கிட்டவில்லை.

சர உறைவு

கேடிஇ திட்டம் 1996லும் க்னோம் திட்டம் 1997லும் தொடங்கின. இரண்டுமே லினக்ஸ் கணினிக்கான பணிச்சூழல்கள். இரண்டையும் தமிழாக்கும் முயற்சிகள் 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் மின்னஞ்சல் குழுக்கள் வழியே நடந்தன. தமிழ்நாடு, இலங்கை, சிங்கப்பூர், கனடா எனப் பல இடங்களிலிருந்து தமிழர்கள் இவற்றில் பங்கேற்றனர். பின்னாளில் க்னோமின் தமிழ்க் கோப்புகளில் ஐ. ஃபெலிக்ஸ், தி. வாசுதேவன் முதலியோரின் பெயர்கள் தொடர்ந்து காணப்படுகின்றன.

க்னோம் 2002க்குப் பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு வெளியீடு என்ற ஒழுங்குக்கு வந்தது. மார்ச்சில் ஒன்று, செப்டம்பரில் ஒன்று. இந்த ஆறு மாதச் சுழற்சிக்குள் இரண்டு முக்கியமான தடைகள் உண்டு. முதலாவது இடைமுக உறைவு. அந்த நாளுக்குப் பிறகு நிரலாளர்கள் திரையின் தோற்றத்தை விருப்பம்போல் மாற்றக்கூடாது. ஆவணக் குழு படம் எடுக்கவும் விளக்கம் எழுதவும் இந்த அமைதி தேவை. இரண்டாவது சர உறைவு. திரையில் தோன்றும் ஒவ்வொரு சொற்றொடரும் ஒரு 'சரம்'. உறைவுக்குப் பிறகு ஒரு சரத்தை மாற்ற வேண்டுமானால் மொழிபெயர்ப்பாளர்களின் ஒப்புதல் வேண்டும். ஆவணக் குழுவுக்கும் தெரிவிக்க வேண்டும். மொழிபெயர்ப்பாளர் நிரலாளரைத் தடுத்து நிறுத்தலாம் என்ற இந்த உரிமை மென்பொருள் உலகில் அரிதானது. தமிழ் போன்ற மொழிகளுக்குக் கிடைத்த உண்மையான பாதுகாப்பு இதுவே.

சர உறைவுக்கும் வெளியீட்டுக்கும் இடையே இருப்பது சில வாரங்கள். அதற்குள் நடக்க வேண்டியவை ஒன்றையொன்று சார்ந்தவை. முதலில் இடைமுகச் சரங்கள் தமிழாக வேண்டும். அவை தமிழான பிறகுதான் தமிழ்த் திரையைப் படம் எடுக்க முடியும். பட்டிகளின் தமிழ்ப் பெயர்கள் உறுதியான பிறகுதான் உதவி ஆவணத்தில் அவற்றைக் குறிப்பிட முடியும். எனவே உதவி ஆவணத்தின் முறை எப்போதும் வரிசையின் கடைசியில் வந்தது. பெரிய மொழிகளில் இடைமுகத்துக்கு ஒரு குழு, ஆவணத்துக்கு ஒரு குழு என்று பிரித்துக்கொள்ள முடிந்தது. தமிழில் இரண்டையும் செய்தவர்கள் பெரும்பாலும் அதே இரண்டு மூன்று பேர். இடைமுகம் முடியும்போது நாள் முடிந்துவிடும். ஒரு மொழி ஆதரவு பெற்றதாக அறிவிக்கப்பட க்னோம் வைத்திருந்த அளவுகோல் 80 விழுக்காடு. அதுவும் இடைமுகச் சரங்களை மட்டுமே எண்ணியது. உதவி ஆவணம் எத்தனை விழுக்காடு என்பது அந்தக் கணக்கில் வராததால் அதற்கு முதலிடம் கொடுக்கும் தூண்டுதலும் இல்லை.

ஐயக்குறியிட்ட பத்திகள்

1995 முதல் வழங்கிவரும் கெட்டெக்ஸ்ட் என்னும் முறையில் மொழிபெயர்ப்புகள் பிஓ எனப்படும் கோப்புகளில் சேமிக்கப்படுகின்றன. ஒவ்வோர் ஆங்கிலச் சரத்துக்கும் கீழே அதன் தமிழ் இருக்கும். உதவி ஆவணங்களும் பத்தி பத்தியாக உடைக்கப்பட்டு இதே வடிவில் மொழிபெயர்ப்பாளர் கைக்கு வரும்.

ஆங்கில மூலம் சிறிதளவு மாறினால் கருவி பழைய தமிழை அழித்துவிடாது. அதன் மேல் ஐயத்துக்குரியது என்று ஒரு குறி இடும். ஐயக்குறி இருக்கும்வரை அந்தத் தமிழ் பயனருக்குக் காட்டப்படாது. அதன் இடத்தில் ஆங்கிலம் தோன்றும். பட்டியில் இருக்கும் ஒரு சொல்லுக்கு இது பெரிய இழப்பல்ல. உதவி ஆவணத்தில் நிலைமை வேறு. ஆங்கிலத்தில் ஒரு காற்புள்ளி சேர்ந்தாலும் ஆறு வரித் தமிழ்ப் பத்தி முழுவதும் மறையும். விளைவாக உதவிப் பக்கத்தில் முதல் படி தமிழிலும் இரண்டாம் படி ஆங்கிலத்திலும் மூன்றாம் படி மீண்டும் தமிழிலும் வரும். ஆங்கிலம் அறியாதவருக்கு இரண்டாம் படி இல்லாத வழிகாட்டி பயனற்றது. வெளியீட்டுக்கு முந்தைய வாரங்களில் தமிழ் மொழிபெயர்ப்பாளரின் நேரத்தில் பெரும்பகுதி புதிதாக எழுதுவதில் செல்லவில்லை. ஐயக்குறியிட்ட பத்திகளைப் படித்து, எது மாறியது என்று கண்டுபிடித்து, குறியை நீக்குவதில் சென்றது. வெளியே தெரியாத வேலை என்பதால் யாரும் இதற்காகப் பாராட்டப்பட்டதில்லை.

2011 ஏப்ரலில் வந்த க்னோம் 3 இதை மேலும் கடினமாக்கியது. பணிச்சூழலின் தோற்றமே அடியோடு மாறியதால் பழைய பயனர் கையேடு முற்றிலும் கைவிடப்பட்டது. மல்லார்ட் என்னும் புதிய வடிவத்தில், அத்தியாயங்களுக்குப் பதில் சிறு சிறு தலைப்புகளாக உதவி ஆவணம் புதிதாக எழுதப்பட்டது. பழைய கையேட்டில் எந்த மொழி எவ்வளவு உழைத்திருந்தாலும் அது அடுத்த பதிப்புக்கு உதவவில்லை. புதிய பயனர் உதவியின் தமிழ் வடிவம் அடுத்த சில ஆண்டுகளில் உருவானது.

வேற்றுமை உருபின் தொல்லை

ஆங்கிலத்தில் ஒரு பட்டியின் பெயரை அப்படியே வாக்கியத்தில் செருகலாம். தமிழில் பெயரோடு வேற்றுமை உருபு ஒட்ட வேண்டும். கோப்பின் பெயர் என்னவாக இருக்கும் என்பது மொழிபெயர்ப்பாளருக்குத் தெரியாது. நிரல் இயங்கும்போதுதான் அந்தப் பெயர் வந்து நிரம்பும். 'மரம்' என்று ஒரு கோப்புறை இருந்தால் 'மரத்தில்' என்று வர வேண்டும். 'வீடு' என்றால் 'வீட்டில்'. நிரலுக்குப் புணர்ச்சி தெரியாது. ஆகவே 'மரம் இல்', 'வீடு ஐ' என்று உருபைத் தனியே நிறுத்தும் வழக்கம் உருவானது. தமிழ் மென்பொருளில் இன்றும் காணப்படும் இந்தக் கரடுமுரடான தொடர்கள் பெரும்பாலும் மொழி அறியாமையால் நேர்ந்தவை அல்ல. உதவி ஆவணம் எழுதியவர்கள் இதிலிருந்து தப்ப ஒரு உத்தியைக் கையாண்டனர். "'சேமி' என்பதைச் சொடுக்கவும்" என்பதுபோல 'என்பது' என்ற சொல்லை நடுவே வைத்தால் உருபு அதன் மேல் ஏறிக்கொள்ளும்.

பட்டியில் 'சேமி', ஆவணத்தில் 'சேமிக்கவும்' என்ற வேறுபாடும் இப்படி வந்ததே. பட்டியில் பயனர் கணினிக்கு ஆணையிடுகிறார். ஏவல் வினை போதும். ஆவணத்தில் கணினி அறிந்தவர் பயனரிடம் பேசுகிறார்; மரியாதை வேண்டும். தொடக்கத்தில் சில மென்பொருள்களில் பட்டியிலும் 'சேமிக்கவும்' என்றே இருந்தது. பொத்தானுக்குள் அது அடங்காமல் வெட்டுப்பட்டது.

சொல் ஒருமைப்பாடு அடுத்த சிக்கல். ஒரே கருத்துக்குக் கோப்புறை, அடைவு என்று இரண்டு சொற்கள். வழங்கி, சேவையகம் என்று இரண்டு. இடைமுகத்தை மொழிபெயர்த்தவர் ஒன்றையும் ஆவணத்தை மொழிபெயர்த்தவர் மற்றொன்றையும் எடுத்தால் ஆவணம் சொல்லும் பொத்தான் திரையில் இருக்காது. இலங்கைக்கும் தமிழ்நாட்டுக்கும் இடையேயும் சொல் வேறுபாடு உண்டு. ஃபயர்பாக்ஸ் உலாவிக்கு ஒரு காலத்தில் தமிழ், இலங்கைத் தமிழ் என இரண்டு தனிப் பதிப்புகளே இருந்தன. அடிக்கடி வரும் சொற்களுக்குப் பொதுப் பட்டியல் வேண்டும் என்ற நோக்கில் 2008ல் தொடங்கிய ஃபியூயல் திட்டம் தமிழுக்கும் பட்டியல் தயாரித்தது.

விக்கிப்பீடியாவுக்கு அடிப்படையான மீடியாவிக்கி மென்பொருளின் மொழிபெயர்ப்பு நடக்கும் டிரான்ஸ்லேட்விக்கி தளம் வேறொரு தீர்வைக் கண்டது. அங்கே ஒவ்வொரு சரத்துக்கும் ஒரு விளக்கக் குறிப்பு எழுதப்படுகிறது. 'ஓபன்' என்ற சொல் 'திற' என்னும் கட்டளையா, 'திறந்த' என்னும் அடையா என்பதை அக்குறிப்பு சொல்லும். கியூ கியூ கியூ என்ற குறியீட்டின் கீழ், அதையும் ஒரு மொழியைப்போலவே சேமிக்கிறார்கள். யாரும் பேசாத, மொழிபெயர்ப்பாளர் மட்டும் படிக்கும் மொழி.

குறுவட்டும் விரைவு வெளியீடும்

2005 ஏப்ரல் 15 அன்று இந்திய அரசின் சிடாக் நிறுவனம் தயாரித்த தமிழ் மென்பொருள் குறுவட்டு சென்னையில் வெளியிடப்பட்டது. எழுத்துருக்களும் பாரதீய ஓபன் ஆபீசும் அதில் இருந்தன. இலவசமாக அனுப்பப்பட்டதால் இணைய வசதி இல்லாத ஊர்களுக்கும் தமிழ் மென்பொருள் சென்றது. குறுவட்டில் மென்பொருளும் விளக்கமும் ஒருசேர உறைந்துவிடுவதால் இரண்டும் பொருந்தாமல்போகும் சிக்கல் இல்லை. ஆனால் இரண்டும் சேர்ந்தே பழையதாகும்.

இதற்கு நேர் எதிர்த்திசையில் சென்றது ஃபயர்பாக்ஸ். 2011 ஜூனில் வந்த ஐந்தாம் பதிப்பிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒரு பதிப்பு என்ற முறைக்கு மாறியது. 2020 முதல் நான்கு வாரத்துக்கு ஒன்று. ஒவ்வொரு பதிப்பிலும் சேரும் சரங்கள் குறைவு என்பது மொழிபெயர்ப்பாளருக்கு வசதி. ஆனால் விடுமுறை நாட்களில் மட்டும் உட்காரும் தன்னார்வலர் ஒருவர் இரண்டு மாதம் விலகியிருந்தால் இரண்டு பதிப்புகள் கடந்துவிடும். ஆறு மாதச் சுழற்சியில் இருந்த 'இப்போது எல்லோரும் உட்காருவோம்' என்ற பருவம் இதில் இல்லை. கூட்டு முயற்சிக்கு அறுவடைக் காலம்போல ஒன்று தேவைப்பட்டது. விரைவு வெளியீடு அதை நீக்கிவிட்டது.

பதிப்பைச் சாராத விளக்கம்

2012ல் தொடங்கிய கணியம் மின்னிதழ் வேறு வழியை எடுத்தது. மூல ஆவணத்தை வரிக்கு வரி மொழிபெயர்ப்பதை விட்டுவிட்டு, தமிழிலேயே சிந்தித்து எழுதிய பயிற்சிக் கட்டுரைகளை வெளியிட்டது. து. நித்யா எழுதிய எளிய தமிழில் வரிசை நூல்கள் இவ்வாறு உருவானவை. பகிர்வதற்கும் திருத்துவதற்கும் அனுமதி தரும் உரிமத்தில் இவை வந்ததால், பதிப்பு மாறும்போது வேறொருவரும் திருத்தலாம். ஐயக்குறியிட்ட பத்திகள் இங்கே இல்லை. வெளியீட்டு நாளின் நெருக்கடியும் இல்லை. ஆனால் குறிப்பிட்ட பதிப்பில் குறிப்பிட்ட பொத்தான் எங்கே இருக்கிறது என்று கேட்பவருக்கு இந்நூல்கள் விடை தரா. அதற்கு மென்பொருளோடு வரும் உதவியே வேண்டும். ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாகாது.

தகடூர் கோபி 2018ல் மறைந்தார். தனியொருவர் உருவாக்கிய கருவிக்கு அடுத்த வெளியீடு என்பது அவர் வாழ்நாளைச் சார்ந்தது. ஆனால் அவருடைய மாற்றிகள் உலாவியில் இயங்கும் நிரல்கள் என்பதால் பக்கத்தைச் சேமித்தவரிடம் நிரலும் அதன் குறிப்பும் சேர்ந்தே இருக்கும். பல தளங்களும் வலைப்பதிவுகளும் இக்கருவிகளை எடுத்துப் பயன்படுத்தின. டிஸ்கியிலோ பாமினியிலோ எழுதி வைத்த கோப்பை இன்று திறக்க நேர்பவர் தேடிச் செல்லும் கருவிகளில் அதியமான் மாற்றியும் ஒன்று.